மூட்டு வீக்கத்துக்கு ஸ்கேன் எதற்கு? வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் மூட்டு ஸ்கேன் பார்க்கும் அறையில்தான் என் வேலை நாளின் பாதி கழிகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு, ஆரணி, சித்தூர் எல்லைக் கிராமங்கள் என்று பழைய வட ஆற்காட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உட்கார்ந்து கையை நீட்டியதும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். வெளியே வரிசை நிற்பதால் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

"ஸ்கேன்னா மாசமா இருக்கிறவங்களுக்கு எடுக்கிறதாச்சே டாக்டரம்மா, எனக்கு எதுக்கு?"

அறுபது வயது அம்மாக்கள் வெட்கத்தோடு இதைக் கேட்பார்கள். கருவி அதே வகைதான். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேல் உள்ள ஒலியை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைவதுதான் அல்ட்ராசவுண்ட். வயிற்றுக்குள் ஆழமாகப் பார்க்க 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை போதும். விரல் மூட்டு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. அதனால் 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள தட்டையான சின்னக் கருவியை வைத்துப் பார்க்கிறோம். கதிர்வீச்சு கிடையாது.

ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை மூட்டு ஸ்கேன் அறையிலும் தொங்குவதைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். 1994இல் வந்த சட்டப்படி ஸ்கேன் கருவி இருக்கும் இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தப் பலகையும் இருக்க வேண்டும். "எங்க ஊர் முகாமுக்கு மிஷினைத் தூக்கிட்டு வாங்களேன்" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பதிவான இடத்தை விட்டு நினைத்தபடி எடுத்துப் போக முடியாது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை என்று சொன்னார்கள். அப்புறம் ஏன் ஸ்கேன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். ஆனால் முடக்குவாதம் எலும்பில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி. மூட்டுக்கு வேண்டிய வழுவழுப்பு நீரைச் சுரப்பது அதன் வேலை. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி அந்தச் சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம். ஊர்ப் பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். சவ்வு ஊதித் தடிக்கும். அதில் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும், நீர் கோக்கும். மாதக்கணக்கில் இப்படியே இருந்த பிறகுதான் தடித்த சவ்வு எலும்பின் ஓரத்தைக் கறையான் மாதிரி அரிக்கத் தொடங்கும். அரித்த பிறகுதான் எக்ஸ்ரேக்குத் தெரியும். அதுவும் சின்ன அரிப்பு என்றால் தெரியாது. அதே அரிப்பை ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

எங்கள் அத்தை குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். மடியில் முறம், கத்தரியில் இலை, விரல் நுனியில் தூள் என்று அவர் கை ஓடும் வேகத்தை நான் சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். முதலில் காலையில் மட்டும் விரல் மடங்காமல் நின்றது. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, நார்மல் என்று எழுதி, தேய்மானம்தான் என்று கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் அந்த மாத்திரையையே சாப்பிட்டார். இரண்டாவது எக்ஸ்ரேயில் எல்லாமே தெரிந்தது. அதற்குள் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அந்தக் கையால் நூல் முடிச்சுப் போட முடியவில்லை.

மூட்டு வீங்கியவர் ஆறு வாரத்துக்குள் வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும், வீக்கம் நிலைத்துவிடும் போல் இருந்தால் மூன்று மாதத்துக்குள் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்கள் வகுத்துள்ள வழிமுறை. நம் ஊரில் அந்த மூன்று மாதம் பல நேரம் "பனிக்குப் பிடிச்சிருக்கும்" என்ற பேச்சிலேயே போய்விடுகிறது. ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எழுந்ததும் விரல் இயல்பாக மடங்க அரை மணி, ஒரு மணி நேரம் ஆகிறது, விரல் கணுக்கள் பஞ்சு மாதிரி வீங்கியிருக்கின்றன, இரண்டு கையிலும் இருக்கிறது என்றால் எக்ஸ்ரே என்ன சொன்னாலும் மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும்.

திரையில் என்னதான் தெரியும்? எனக்கு மழை பெய்த டிவி மாதிரிதான் இருக்கிறது.

கொஞ்சம் பழகினால் உங்களுக்கே தெரியும். நான் பார்க்கும்போது திரையை நோயாளியின் பக்கம் திருப்பிவிடுவேன்.

கருவியை ஆள்காட்டி விரலின் அடிக்கணு மேல் நீளவாக்கில் வைத்தால், புடவைக் கரை மாதிரி பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் எலும்பின் மேற்பரப்பு. ஒலி அதைத் தாண்டிப் போகாது. அதனால் கீழே எல்லாம் இருட்டு. எலும்பு முனையின் மேல் மெலிசான கருப்புப் பட்டை ஒன்று இருக்கும், அது குருத்தெலும்பு. அதற்கும் மேலே நார் நாராக ஓடுவது தசைநாண். விரலை மடக்கி நீட்டச் சொன்னால் அது வழுக்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம். எக்ஸ்ரேயோ எம்ஆர்ஐயோ இப்படி அசைவைக் காட்டாது.

ஆரோக்கியமான மூட்டில் சவ்வு இருக்கும் இடமே தெரியாது. நோய் இருந்தால் வெள்ளைக் கோட்டுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு எழும்பி நிற்கும். அதில் நீர் எவ்வளவு, தடித்த சவ்வு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கருவியால் மெல்ல அழுத்தினால் நீர் நகர்ந்து விலகும், சவ்வு நகராது. இந்தத் தடிப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். வெள்ளைக் கோட்டிலேயே பள்ளம் இருந்தால் அரிப்பு. ஒரு கோணத்தில் மட்டும் பார்த்து அதை அரிப்பு என்று எழுதக் கூடாது. கருவியை அப்படியே குறுக்கே திருப்பி, அந்தக் கோணத்திலும் பள்ளம் தெரிந்தால்தான் எழுதலாம்.

கை வலி என்றுதானே வந்தேன், ஏன் செருப்பைக் கழற்றச் சொல்கிறீர்கள்?

அரிப்பு முதலில் தலைகாட்டும் இடங்களில் ஒன்று காலின் சுண்டுவிரல் அடி. அங்கே வலியே இல்லாதவர்களிடமும் சில நேரம் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சிவப்புப் புள்ளிகள் ரத்தமா?

ரத்த ஓட்டம். டாப்ளர் என்ற பொத்தானை அழுத்தினால் ஓடும் ரத்தம் நிறத்தோடு தெரியும். சாதாரண மூட்டுச் சவ்வில் ஒன்றும் மின்னாது. அழற்சி கொழுந்துவிட்டு எரியும் மூட்டில் சாம்பல் மேட்டுக்குள் சிவப்பும் ஆரஞ்சும் நாடித் துடிப்போடு மினுக்கும். நோய் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறதா, பழைய தடிப்பு மட்டும் மிச்சம் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல இதுதான் உதவி. இதற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. டாப்ளர் நிறைய மின்னும் மூட்டில் பிற்பாடு அரிப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

இதில் பார்ப்பவரின் கை ரொம்ப முக்கியம். கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்கூட அந்த நுண்ணிய குழாய்கள் நசுங்கிச் சிவப்பு மறைந்துவிடும். அதனால்தான் ஜெல்லைத் தாராளமாகக் கொட்டி, தோலைத் தொட்டும் தொடாமலும் வைக்கிறோம். "இவ்வளவு ஜெல்லா?" என்று யாராவது கேட்டால் வேண்டும் என்றே சொல்வேன். நடுவில் காற்று புகுந்தால் ஒலியும் உள்ளே போகாது.

ரத்தத்தில் ஆர்.ஏ. இல்லை என்று வந்துவிட்டது. அப்படியானால் வாதம் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஆர்.ஏ. என்று நீங்கள் சொல்வது முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனையை. முடக்குவாதம் இருப்பவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு அது நெகட்டிவாகத்தான் வரும். மறுபக்கம், வாதமே இல்லாத வயதானவர்கள் சிலருக்கும், வேறு தொற்று உள்ளவர்களுக்கும் பாசிட்டிவாக வரும். ஆன்டி சிசிபி என்ற பரிசோதனை இன்னும் நம்பகமானது. ஆனால் அதுவும் எல்லா நோயாளிகளையும் பிடிப்பதில்லை. கையைத் தொட்டுப் பார்த்தால் சந்தேகம், ரத்தத்தில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. இப்படி இழுபறியாக நிற்கும் இடத்தில்தான் ஸ்கேனின் பயன் மிக அதிகம். உண்மையான வீக்கம் எத்தனை மூட்டில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். முடக்குவாதத்துக்காக 2010இல் வந்த அமெரிக்க, ஐரோப்பிய வகைப்பாட்டில் எத்தனை மூட்டு என்பதற்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. அந்தக் கணக்கை உறுதிப்படுத்த ஸ்கேனைப் பயன்படுத்தலாம்.

சிக்குன்குனியா வந்து ஆறு மாதம் ஆகிறது, மூட்டு வலி விடவே இல்லை. ஸ்கேனில் எது என்று தெரியுமா?

இந்த நோய் வேலூருக்குப் புதிதில்லை. 1964இல் சென்னையிலும் வேலூரிலும் காய்ச்சல் பரவியபோது, அதற்குச் சிக்குன்குனியா வைரஸ் காரணம் என்று கண்டறிந்ததில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு. 2006இல் மறுபடி தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

சிக்குன்குனியாவுக்குப் பிறகும் சவ்வு தடிக்கும், நீர் கோக்கும், தசைநாண் உறை வீங்கும். படத்தை மட்டும் பார்த்து இது வைரஸ், இது முடக்குவாதம் என்று பெயர் சூட்ட ஸ்கேனால் முடியாது. வீக்கம் உண்மையிலேயே இருக்கிறதா, எலும்பு அரிக்கிறதா, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் குறைகிறதா கூடுகிறதா என்று சொல்லும். காய்ச்சல் எப்போது வந்தது, வீட்டில் எத்தனை பேருக்கு வந்தது என்ற உங்கள் வாய்மொழிதான் மீதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை வீக்கத்தோடு மரத்துப்போன இடமோ வெளிறிய தேமலோ இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தொழுநோயும் முடக்குவாதம் மாதிரியே இரண்டு கை மூட்டிலும் வீக்கத்தோடு வரக்கூடும். தொழுநோய்க்குப் பேர்போன கரிகிரி மருத்துவமனை இருக்கும் மாவட்டத்தில் அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். அது குணமாகும் நோய்.

யூரிக் ஆசிட் என்றார்கள். அதுவும் தெரியுமா?

நன்றாகவே தெரியும். கவுட் நோயில் யூரிக் அமில உப்புப் படிகங்கள் குருத்தெலும்பின் மேற்பரப்பில் படியும். எலும்புக்கு ஒரு வெள்ளைக் கோடு, குருத்தெலும்பின் மேல் இன்னொரு வெள்ளைக் கோடு என்று இரட்டைக் கோடாகத் தெரியும். 2015இல் வகுத்த கவுட் அளவுகோலில் இந்த இரட்டைக் கோட்டுக்கும் மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். கால்சியப் படிகமாக இருந்தால் குருத்தெலும்பின் மேலே படியாமல் உள்ளேயே பொட்டுப் பொட்டாக இருக்கும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பதாலேயே கவுட் என்று முடிவு கட்டி வருடக்கணக்கில் பருப்பைத் தள்ளி வைத்தவர்கள் நிறையப் பேர். முதலில் மூட்டைப் பாருங்கள்.

தேய்மானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தேய்மானத்தில் எலும்பின் விளிம்பில் முள் மாதிரி வளர்ச்சி தெரியும், குருத்தெலும்பு மெலிந்திருக்கும். விரல் என்றால் நகத்துக்குப் பக்கத்துக் கணுவில் அதிகம். முடக்குவாதம் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கணுவை விட்டுவிட்டு மணிக்கட்டையும் அடிக்கணு, நடுக்கணுக்களையும் பிடிக்கும். தேய்ந்த முழங்காலிலும் நீர் கோக்கும் என்பதால் நீரைப் பார்த்ததும் வாதம் என்று பயப்பட வேண்டியதில்லை.

முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி வந்து, உடைந்து, கெண்டைக்கால் வீங்கி வருபவர்கள் உண்டு. ரத்தக்கட்டு மாதிரியே இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட 1972லேயே அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தினார்கள். மூட்டு ஸ்கேனின் கதையே ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது.

முதுகுக்கும் இடுப்புக்கும் இதையே எடுக்கலாமா?

முதுகெலும்பு வாதத்துக்கு இது சரிப்படாது. இடுப்பின் பின்புற மூட்டு ஆழத்தில், எலும்புக்கு நடுவே இருக்கிறது, அங்கே எம்ஆர்ஐதான். எலும்புக்கு உள்ளே இருக்கும் நீர்வீக்கமும் ஸ்கேனுக்குத் தெரியாது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டில் நீர் இருக்கிறதா என்பதை மட்டும் நன்றாகப் பார்க்கலாம்.

ஒரே மூட்டு திடீரென்று வீங்கி, சூடாக, காய்ச்சலோடு இருக்கிறது. ஸ்கேனுக்கு நேரம் வாங்கலாமா?

வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் ஒவ்வொரு நாளும் குருத்தெலும்பு கரையும். உள்ளே நீர் இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும், அது சீழா இல்லையா என்று சொல்லாது. ஊசியால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போட்டால் சரியான இடத்தில் இறங்கும்.

ஸ்கேன் தப்பாகச் சொல்லுமா?

சொல்லும். ஆரோக்கியமானவர்களின் கால் பெருவிரல் அடியிலும் கொஞ்சம் நீர் இருக்கும். லேசான தடிப்பு, அதாவது மதிப்பெண் 1, நோயில்லாதவர்களிடமும் காணப்படும். அதைப் பெரிதாக்கி எழுதினால் வேண்டாத மருந்து போய்ச் சேரும். கருவியைச் சாய்த்துப் பிடித்தால் நல்ல தசைநாண்கூடக் கருப்பாகத் தெரிந்து கிழிந்த மாதிரி ஏமாற்றும். குழந்தைகளுக்கு எலும்பு முனை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், அதற்குள் ரத்தக்குழாய்கள் இருப்பதும் இயல்பு. வயிறு ஸ்கேன் நன்றாகப் பார்ப்பவர் எல்லோரும் மூட்டும் பார்ப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். மூட்டு ஸ்கேன் வழக்கமாகப் பார்ப்பவரா என்று கேட்டுவிட்டுப் போவதில் தப்பே இல்லை. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நீங்களே மருந்துக் கடைக்குப் போகாமல், கையைத் தொட்டுப் பார்த்த மருத்துவரிடமே திரும்பிப் போங்கள்.

வலிக்குமா? வெறும் வயிற்றில் வரணுமா?

வலிக்காது. ஜெல் மட்டும் ஜில்லென்று இருக்கும். சாப்பிட்டுவிட்டே வாருங்கள். இரண்டு கை, இரண்டு பாதம் பார்க்க அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தணுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டை திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் டாப்ளர் அடங்கிப்போய், நோயே இல்லாத மாதிரி படம் வரலாம். வலி மாத்திரையும் ஓரளவு அப்படிச் செய்யக்கூடும். பெயர் எழுதாத பொட்டலப் பொடி வாங்கிச் சாப்பிட்டு, இரண்டே நாளில் வலி பறந்தது என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. திட்டுவதற்காகக் கேட்கவில்லை, படத்தைச் சரியாகப் படிக்கத்தான் கேட்கிறேன்.

சிகிச்சை ஆரம்பித்த பிறகு மாதாமாதம் ஸ்கேன் எடுக்கணுமா?

வேண்டாம் என்றே சொல்வேன், ஸ்கேன் பார்ப்பது என் தொழிலாக இருந்தும். கையால் பரிசோதித்தும் ரத்தத்தைப் பார்த்தும் மருந்தைக் கூட்டிக் குறைப்பதோடு ஒவ்வொரு முறையும் ஸ்கேனையும் சேர்த்தால் நோயாளிக்குக் கூடுதல் பலன் உண்டா என்று நார்வேயில் ஆர்க்டிக் என்ற பெயரில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2016இல் முடிவு வெளியானது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் வலி சொல்வதும் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் கை சொல்வதும் ஒத்துப்போகாதபோது, மருந்தைக் குறைக்க நினைக்கும்போது, பருமனான கையில் வீக்கத்தைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாதபோது எடுத்தால் போதும். மிச்சக் காசுக்கு மாத்திரை வாங்குங்கள்.

மாத்திரை என்றதும் ஒரு எச்சரிக்கை. முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், மூட்டு ஸ்கேன் எடுக்கலாமா?

தாராளமாக. மெத்தோட்ரெக்சேட்தான் ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

வரும்போது என்ன கொண்டு வரணும்?

பழைய எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரையின் அட்டைகள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள். வீங்கிய விரலில் இறுகிப்போயிருந்தால் இழுக்க வேண்டாம், அப்படியே வாருங்கள். மெட்டியைக் கழற்றப் பலர் தயங்குகிறார்கள், அதைத் தள்ளி வைத்தே பார்த்துவிடலாம். மருதாணி ஒலியைத் தடுக்காது.

அப்புறம், ஒரு வாரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டில் இதை மட்டும் எழுதி வாருங்கள்: காலையில் எழுந்தது எத்தனை மணி, காபி டம்ளரை ஒரே கையால் பிடிக்க முடிந்தது எத்தனை மணி. எழுந்தது ஆறு, பிடித்தது ஏழே கால் என்று எழுதியிருந்தால், முதலில் எந்தக் கணுவில் கருவியை வைப்பது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. நேராக மணிக்கட்டுக்கும் அடிக்கணுவுக்கும் போய்விடுவேன்.